நாங்குநேரிச் சம்பந்தமும் சுவீடன் சாப்பாடும்

என் மகள் சமையல்காரி. இதைச் சொன்னதும் எதிரே இருப்பவர் முகம் ஒரு மாதிரி ஆகும். நான் உடனே அடுத்ததைச் சொல்ல மாட்டேன். 'ஐயோ பாவம், யார் வீட்டிலோ அடுப்படி வேலை பார்க்கிறாள் போல' என்று அவர்கள் நினைத்து முடிக்கும்வரை காத்திருப்பேன். பிறகுதான் சொல்வேன், பாளையங்கோட்டையில் சொந்தமாகக் கடை வைத்திருக்கிறாள், அங்கே சுவீடன் நாட்டுச் சாப்பாடு போடுகிறாள் என்று. இப்போது அந்த முகம் வேறு மாதிரி ஆகும். அதையும் நின்று பார்ப்பேன். இரண்டு முகத்தையும் பார்க்க எனக்குப் பிடிக்கும்.

எனக்கு அம்பாசமுத்திரத்தில் மாவு மில். மிளகாய், மல்லி, அரிசி, கோதுமை எல்லாம் அரைக்கிறோம். வீட்டுக்காரர் அரசு பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். வேலையில் கத்திக் கத்தித் தீர்ந்துபோனதோ என்னவோ, வீட்டில் வாயைத் திறக்க மாட்டார். அவர் பங்கையும் சேர்த்து நான்தான் பேசுகிறேன். மில் ஓடும் சத்தத்தில் பேசிப் பழகியதால் நான் சாதாரணமாகப் பேசினாலே சண்டை போடுவதுபோல் இருக்கும் என்பார்கள். பாதி நேரம் சண்டைதான்.

மகள் பள்ளிக்கூடம் முடித்ததும் கேட்டரிங் படிக்கப் போகிறேன் என்றாள். சொந்தக்காரர்கள் சிரித்தார்கள். அடுப்பு ஊதுவதற்கு ஒரு படிப்பா என்று கேட்டவர்கள் இன்றும் அதே தெருவில்தான் இருக்கிறார்கள், என் மில்லில்தான் மாவு அரைக்கிறார்கள். அவள் படித்தாள். கப்பலில் வேலை பார்த்தாள். பிறகு சுவீடனில் ஒரு துறைமுக ஊரில், ஒரு சாப்பாட்டுக் கடையில் சில வருடங்கள் இருந்தாள். வெங்காயம் உரிப்பதில் ஆரம்பித்து, மீன் பகுதி முழுவதையும் அவள் கையில் கொடுக்கும் அளவுக்கு வந்தாள். பிறகு ஒரு நாள் பெட்டியோடு வந்து இறங்கினாள். ஏன் வந்தாய் என்று கேட்டதற்கு, "அங்கன என்ன செஞ்சாலும் அது அடுத்தவன் கடை ம்மா" என்றாள். அதற்கு மேல் நானும் கேட்கவில்லை.

இட்லிக் கடை போடு என்று சொன்னேன். இட்லி போட இந்த ஊரில் ஆளா இல்லை என்றாள். ராதாபுரம், பணகுடிப் பக்கம் காற்றாலை வேலைக்கு வெள்ளைக்காரர்கள் வந்து போகிறார்கள், அவர்களுக்கு அவர்கள் ஊர்ச் சாப்பாடு கிடைப்பதில்லை, அதைவிட முக்கியம், நம் ஊர்க்காரர்கள் அதைத் தின்று பார்த்ததே இல்லை என்றாள். எனக்கு நம்பிக்கை இல்லை. இருந்தாலும் யாராவது அவளிடம் 'இது ஓடாது' என்றால் அவர்களோடு சண்டைக்குப் போனேன். அது நான் மட்டும் சொல்லலாம்.

பாளையங்கோட்டையில் ஒரு பழைய ஓட்டு வீட்டைப் பிடித்து வெள்ளையடித்து, மர மேசைகள் போட்டாள். சமையலறைக்கும் சாப்பிடும் இடத்துக்கும் நடுவே இருந்த சுவரை இடித்துப் பெரிய ஜன்னலாக வைத்தாள். உள்ளே என்ன நடக்கிறது என்று சாப்பிடுகிறவர்கள் பார்க்கலாம். அந்த ஊரில் கறுப்பாக ஒரு ரொட்டி சுடுவார்களாம். அதற்கான தானியம் இங்கே விளைவதில்லை. கேழ்வரகையும் கோதுமையையும் கலந்து என் மில்லில் அரைத்தோம். மாவாகவும் இருக்கக் கூடாது, குருணையாகவும் இருக்கக் கூடாது என்றாள். எத்தனை முறை அரைவைக் கல்லைத் தளர்த்தி இறுக்கினோம் என்று கணக்கே இல்லை. கடைசியில் ஒரு நாள் ரொட்டியை வெட்டி முகர்ந்து பார்த்து, "இதுதான்" என்றாள். அந்தக் கடை ரொட்டியில் என் மில்லும் இருக்கிறது. அதையும் எல்லாரிடமும் சொல்வேன்.

அங்கே வேறு ஒரு மீனைக் காடியில், அதாவது வினிகரில், ஊறப் போடுவார்கள். இவள் தூத்துக்குடியிலிருந்து வரும் சாளையைப் போடுகிறாள். அவர்கள் ஒரு சிவப்பு மீனை உப்பும் சர்க்கரையும் தடவி அடுப்பில் வைக்காமலே பதப்படுத்துவார்கள். இவள் நெய்மீனில் செய்கிறாள். கறி உருண்டைக்குத் தொட்டுக்கொள்ள அங்கே காட்டில் விளையும் ஒரு புளிப்புப் பழம். இங்கே களாக்காய். ஏலக்காய் போட்டு அவர்கள் ஒரு இனிப்பு ரொட்டி சுடுகிறார்கள். ஏலக்காய் அவர்கள் ஊரில் விளையாது. நம் மலையில் விளைவதைக் கொண்டுபோய் அவர்கள் ரொட்டியில் போட்டிருக்கிறார்கள், நாம் அதைப் பாயசத்தில் மட்டும் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம்.

கடை திறந்த அன்று எனக்குத்தான் முதல் தட்டு. ரொட்டி மேல் வெண்ணெய், அதன் மேல் மீன், எல்லாம் சில்லென்று இருந்தது. சூடு பண்ணித் தா என்றேன். இது இப்படித்தான் என்றாள். சாப்பிட்டேன். நன்றாக இருந்தது. பிடிக்காததை நன்றாக இருக்கிறது என்று சொல்லும் வழக்கம் எனக்குக் கிடையாது. பெற்ற மகளாக இருந்தாலும்.

ஓடாது என்றார்கள். ஓடியது. காற்றாலைக்காரர்கள் வந்தார்கள். கல்லூரி ஆசிரியர்கள், டாக்டர்கள் வந்தார்கள். பிறந்தநாளுக்குப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வந்தார்கள். கடை ஓட ஆரம்பித்ததும் எல்லாரும் கேட்ட அடுத்த கேள்வி கல்யாணம். அதை நானும் கேட்டேன், மறைக்கவில்லை. முப்பதைத் தாண்டிய மகள். நல்லபடியாக ஒருத்தன் கிடைத்தால் கசக்குமா?

அப்படி வந்ததுதான் நாங்குநேரிச் சம்பந்தம். மாப்பிள்ளைக்குத் திருநெல்வேலியில் வங்கி வேலை. தகப்பனார் இல்லை. தாயும் தாய்மாமனும் வளர்த்த பிள்ளை. மாமன் நாங்குநேரியில் இரும்புக் கடை வைத்திருக்கிறார், கம்பி, தகரம், ஆணி எல்லாம். ஜாதகம் பொருந்தியது. மாமன் என்னிடம் போனில் பேசினார். பெண் என்ன செய்கிறாள் என்று கேட்டார். ஓட்டல் வைத்திருக்கிறாள் என்றேன். "நல்லது" என்றார். கொஞ்சம் விட்டு, மறுபடியும் "நல்லது" என்றார். அந்த இரண்டாவது நல்லதை நான் கவனித்திருக்க வேண்டும்.

மகளிடம் சொன்னேன். அவள் ஒரு நிபந்தனை வைத்தாள்.

"கேசரி பஜ்ஜி வச்சுக்கிட்டு, காபித் தட்டோட நான் வந்து நிக்க மாட்டேன். என்னப் பாக்கணும்னா கடைக்கு வரச் சொல்லு. நான் செய்யதச் சாப்பிட்டுட்டுப் பேசட்டும்."

"ஏட்டி, பொண்ணு பாக்க வாரவிய கை நனைக்க மாட்டாவளே."

இது எங்கள் பக்கத்தில் எல்லா வீட்டிலும் உள்ள வழக்கம். சம்பந்தம் முடிவாகும்வரை மாப்பிள்ளை வீட்டார் பெண் வீட்டில் சாப்பிட மாட்டார்கள். காபி குடிக்கலாம், பலகாரம் கடிக்கலாம். இலை முன்னால் உட்கார்ந்து கை நனைத்துவிட்டால் சரி என்று சொன்ன மாதிரி. சாப்பிட்டுவிட்டுப் பிறகு வேண்டாம் என்று சொல்வது பெண்ணை அவமானப்படுத்துவது. அதனால் எவ்வளவு பசித்தாலும் எழுந்து போய்விடுவார்கள். என்னைப் பெண் பார்க்க வந்த அன்று என் அப்பா எவ்வளவோ சொல்லியும் இவர் வீட்டார் தண்ணீரைக் குடித்துவிட்டுக் கிளம்பிவிட்டார்கள். நேரே பஸ் ஸ்டாண்டுக்குப் போய்ப் பரோட்டா தின்றோம் என்று என் வீட்டுக்காரரே கல்யாணத்துக்கு அப்புறம் சொன்னார். அவர் தானாகப் பேசிய சில நேரங்களில் அது ஒன்று.

"அது வீட்டுக்குத்தான ம்மா. இது கடை" என்றாள் மகள்.

அதுவும் சரிதான் என்று பட்டது. மாமனிடம் சொன்னேன். அவரும், ஓட்டல்தானே, வந்துவிடுகிறோம் என்றார். ஞாயிற்றுக்கிழமை மதியம் என்று முடிவானது.

அன்றைக்குக் கடையை மூடி வைத்துவிட்டு இவர்களை மட்டும் உட்கார வைக்கலாம் என்றேன். முடியாது என்றாள். ஞாயிறு மதியம்தான் கூட்டம் வரும், ஒரு மேசையை ஒதுக்குகிறேன், அவ்வளவுதான் என்றாள். பட்டுச் சேலை எடுத்துக்கொண்டு போனேன். அது பையிலேயே இருந்தது. வெள்ளைச் சமையல் கோட்டும் தலையில் கட்டிய துணியுமாகத்தான் நின்றாள். அங்கேயே ஒரு சண்டை. அடுப்புப் பக்கம் பட்டுச் சேலை கட்டி நின்றால் தீப்பிடிக்கும் என்றாள். சேலைப் பையோடு போய் உட்கார்ந்தேன்.

மூன்று பேர் வந்தார்கள். மாமன் பெரிய ஆள், கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டை, வேட்டி. மாப்பிள்ளையின் அம்மா அவருடைய தங்கை. மெலிந்த உடம்பு, சுற்றிச் சுற்றிப் பார்க்கும் கண். மாப்பிள்ளை பார்க்க நன்றாக இருந்தான். போனை மேசையில் கவிழ்த்து வைத்தான். நல்ல பழக்கம் என்று நினைத்துக்கொண்டேன்.

பக்கத்து மேசையில் காற்றாலைக்காரர்கள் இரண்டு பேர் தலை நிமிராமல் தின்றுகொண்டிருந்தார்கள். மாமன் அவர்களைப் பார்த்துவிட்டு என் வீட்டுக்காரரிடம், வெள்ளைக்காரனெல்லாம் நம் ஊரில் வந்து கறி உருண்டை தின்கிறானே என்று ஆச்சரியப்பட்டார். எனக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது.

மகள் வந்து கும்பிட்டாள். சாப்பாடு அனுப்புகிறேன் என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். அவ்வளவுதான் பெண் காட்டியது. ஆனால் ஜன்னல் இருந்தது. சாதாரணமாகப் பெண் பார்க்கும்போது ஒரு டம்ளர் காபி குடித்து முடிக்கும் நேரம்தான் பெண்ணைப் பார்க்க முடியும், அதுவும் தலை குனிந்த பெண்ணை. இங்கே மாப்பிள்ளையின் அம்மா எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பார்க்கலாம். பார்த்தாள். என் மகள் கத்தி பிடிப்பதை, தட்டின் ஓரத்தைத் துடைப்பதை, கூட வேலை செய்கிற பெண்களிடம் பேசுவதை எல்லாம் பார்த்தாள். நன்றாகப் பார் தாயே, எங்கேயாவது ஒரு குறை கண்டுபிடி பார்க்கலாம் என்று நினைத்தேன்.

முதலில் சாளை மீன் வைத்த ரொட்டி வந்தது. மாப்பிள்ளையின் அம்மா குனிந்து முகர்ந்தாள்.

"மதினி, இதுல என்ன பேறுகால மருந்து வாசம் அடிக்கி?"

"சதகுப்பைதான். நாம பிள்ளை பெத்தவளுக்குக் குடுக்கோம், அந்த ஊர்ல மீனுக்குப் போடுதாவ" என்றேன்.

பிள்ளை பெறாமலே மருந்தா என்று சொல்லி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். எனக்கு அவளைப் பிடித்துவிட்டது. மாமியாராக இவள் இருந்தால் பரவாயில்லை என்று அந்த நிமிடம் நினைத்தேன்.

மாமன் தட்டை ஒரு விரலால் தள்ளி வைத்தார். சாப்பாடு இருக்கட்டும், முதலில் பேச்சு முடியட்டும், முடியாமல் கை நனைக்கக் கூடாது என்றார். என் வீட்டுக்காரர் வாயைத் திறந்து, இது கடைதானே என்றார்.

"கடைதான் அண்ணாச்சி. ஆனா பொண்ணு கடை. பொண்ணு கையால ஆக்குனது. இதுல வீடு என்ன, கடை என்ன?"

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அதுதான் எனக்கு எரிச்சல். மாப்பிள்ளை சிரித்துக்கொண்டே, முள்கரண்டியும் கத்தியும்தானே வைத்திருக்கிறார்கள், கையை எங்கே நனைக்கப் போகிறோம் மாமா என்றான். மாமனும் சிரித்தார். ஆனால் தட்டு தள்ளி வைத்த இடத்திலேயே இருந்தது. அன்றைக்கு அந்தப் பையன் பேசியதில் உருப்படியானது அது ஒன்றுதான்.

சாப்பாடு வந்துகொண்டே இருந்தது. ரொட்டி, நெய்மீன், குழம்பு ஊற்றி ஆவி பறக்கும் கறி உருண்டை, வெண்ணெயில் புரட்டிய உருளைக்கிழங்கு, களாக்காய். பரிமாறுகிற பெண் எல்லாவற்றையும் நடு மேசையில் வைத்துவிட்டுப் போனாள். அந்த ஊர் முறை அப்படி. நடுவில் வைப்பார்கள், அவரவர் எடுத்துப் போட்டுக்கொள்ள வேண்டும். நம் ஆட்கள் எடுத்துப் போட்டுக்கொள்வார்களா? ஒருத்தர் நின்று போட வேண்டும், வேண்டாம் என்று கையால் மறைக்க வேண்டும், மறைத்த கைக்கு மேலேயே இன்னும் கொஞ்சம் போட வேண்டும். அதுதான் சாப்பாடு. நான் என் வாழ்நாளில் வந்தவர்களைத் தட்டு முன்னால் சும்மா உட்கார விட்டதில்லை. அன்றைக்கு விட்டேன். சாப்பிடுங்கள் என்று நான் வற்புறுத்தினால் சம்மதம் சொல்லுங்கள் என்று வற்புறுத்துவதுபோல் ஆகும். கையை மடியில் வைத்துக்கொண்டு, கறி ஆறுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்து மேசை வெள்ளைக்காரர்களும் எங்கள் மேசையைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார்கள். இவர்களுக்கு என்ன கோளாறு என்று நினைத்திருப்பார்கள்.

மாமன் பேசினார். ஜாதகம் சரி, குடும்பம் சரி, பெண் லட்சணம், நகை நட்டு என்று நாங்கள் எதுவும் கேட்கவில்லை என்றார். எனக்கு மூச்சு வந்தது. பிறகு, ஒன்றே ஒன்றுதான் என்றார்.

"கல்யாணத்துக்கு அப்புறம் கடை வேண்டாம். எங்க வீட்டுப் பொண்ணு ஊரான் எச்சித் தட்டு எடுக்கணும்னு என்ன இருக்கு? வீட்டுல ஆக்கிப் போடட்டும். எம் மருமவன் திங்கட்டும், நாங்களும் வந்து திங்கோம்."

ஏதோ பெரிய உபகாரம் செய்கிற மாதிரி சொன்னார். கடையை யாருக்காவது விட்டுவிடலாம் என்று யோசனையும் சொன்னார். கேழ்வரகும் கோதுமையும் எந்தப் பதத்தில் அரைக்க வேண்டும் என்று கண்டுபிடிக்க நாங்கள் பட்ட பாட்டையெல்லாம் நினைத்துக்கொண்டேன். சோற்றுப் பானையை இறக்கி வைப்பதுபோல் இவர் அதை இறக்கி வைக்கச் சொல்கிறார்.

"உங்க கல்யாணத்துல உங்க இரும்புக் கடைய மூடச் சொல்லி யாரும் கேட்டாவளா?" என்றேன்.

ஆம்பிளை கடை வேறு மதினி என்றார். என்ன வேறு, உங்கள் ஆணி தங்கத்தில் செய்ததா என்று கேட்டேன். என் குரல் மில் ஓடும்போது இருக்கிற குரலாகிவிட்டது. ஓரத்து மேசையில் இருந்த கல்லூரி ஆசிரியரும் மனைவியும் திரும்பிப் பார்த்தார்கள். என் வீட்டுக்காரர் என் கையைத் தொட்டார். நான் கையை எடுத்துவிட்டேன்.

அப்போதுதான் மகள் கையைத் துடைத்துக்கொண்டே வெளியே வந்தாள். ஜன்னல் திறந்துதானே இருந்தது, எல்லாம் கேட்டிருக்கிறது. மாமனைப் பார்க்கவில்லை. என்னையும் பார்க்கவில்லை. மாப்பிள்ளையைப் பார்த்துக் கேட்டாள்.

"நீங்க என்ன சொல்லுதிய?"

அவன் மாமனைப் பார்த்தான். அம்மாவைப் பார்த்தான். கவிழ்த்து வைத்த போனைப் பார்த்தான். மாமா பெரியவர், அவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும், கொஞ்ச நாள் போகட்டும், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று என்னவெல்லாமோ சொன்னான். என் மகள் அவன் பேசி முடிக்கும்வரை நின்றாள். நான் அந்த இடத்தில் இருந்தால் முதல் சொல்லிலேயே முடித்திருப்பேன்.

"சரி, அப்ப இந்தப் பேச்சு முடிஞ்சுட்டு. எனக்கு இது வேண்டாம்" என்றாள். பிறகு சொன்னாள்: "இனி நீங்க மாப்பிள்ள வீடு இல்ல, நான் பொண்ணும் இல்ல. கை நனைச்சா ஒரு குத்தமும் இல்ல. தூரத்துல இருந்து வந்திருக்கிய, பசியோட போவாண்டாம். சாப்பிடுங்க. சாப்பிட்டா பில்லு உண்டு."

கோபம் இல்லை, நையாண்டி இல்லை. இன்றைக்கு நெய்மீன் தீர்ந்துவிட்டது என்று வாடிக்கையாளரிடம் சொல்வாளே, அதே குரல். அந்தக் குரல் என்னிடமிருந்து வந்ததில்லை. அவள் அப்பாவிடமிருந்தும் வந்ததில்லை. வெளியூர்ச் சமையலறைகளில் ஆம்பிளைகள் நடுவே தனியாக நின்று அவளே உண்டாக்கிக்கொண்ட குரல். எனக்குக் கண் கலங்கவில்லை. எழுந்து நின்று கைதட்ட வேண்டும்போல் இருந்தது. தட்டவில்லை, மாப்பிள்ளை வீட்டார் எதிரே இருந்தார்கள். இல்லை, அவர்கள் இப்போது மாப்பிள்ளை வீட்டாரும் இல்லை.

மாமனின் முகம் சிவந்தது. மேசையில் இரண்டு கையையும் ஊன்றி எழப் போனார். அவர் எழுந்திருந்தால் மற்ற இரண்டு பேரும் எழுந்திருப்பார்கள், கதை அங்கே முடிந்திருக்கும். ஆனால் அவர் தங்கை எழவில்லை.

"அண்ணே, எனக்குத் தலை சுத்துது. காலையில குடிச்ச காபிதான். நான் சாப்பிடப் போறேன்."

சொல்லிவிட்டுத் தட்டைத் தன் பக்கம் இழுத்தாள். சாளை ரொட்டியைக் கையால் எடுத்துக் கடித்தாள். மென்றாள். அண்ணனைப் பார்த்து, நல்லாத்தான் இருக்கு என்றாள். மாமன் அரைகுறையாக எழுந்த நிலையில் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு உட்கார்ந்தார்.

மகள் ஆறிப்போன கறி உருண்டையை எடுத்துக்கொண்டு போய்ப் புதிதாகப் பொரித்து அனுப்பினாள். பிறகு அவர்கள் சாப்பிட்ட சாப்பாட்டைச் சொல்ல வேண்டும். சம்பந்தப் பேச்சு நடக்கும்வரை ஒரு துண்டு ரொட்டிகூடத் தொட முடியாமல் உட்கார்ந்திருந்தவர்கள், சம்பந்தம் முறிந்ததும் வயிறாரச் சாப்பிட்டார்கள். மாமன் முள்கரண்டியை ஓரமாக வைத்துவிட்டு, ரொட்டியைப் பிய்த்து உருண்டைக் குழம்பில் முக்கித் தின்றார். களாக்காயைத் தொட்டுப் பார்த்து என்ன ஊறுகாய் என்று கேட்டார். சொன்னேன். எங்கள் காட்டில் ஆடு தின்கிற களாக்காயா என்றார். ஆமாம், அதே களாக்காய்தான் என்றேன். இன்னும் கொஞ்சம் கேட்டார்.

எனக்கும் இப்போது தடை இல்லை. எழுந்து நின்று பரிமாற ஆரம்பித்துவிட்டேன். இன்னும் ரெண்டு உருண்டை வையுங்கள் என்று தட்டில் போட்டேன். அவர் கையால் மறைத்தார், நான் மேலே போட்டேன். ஜன்னலுக்கு அந்தப் பக்கமிருந்து மகள் என்னை முறைத்தாள். கடைக்கு வந்தவர்களுக்கு நான் பரிமாறக் கூடாது என்பது அவள் வைத்த சட்டம். அன்றைக்கு ஒரு நாள் சட்டத்தை மீறினேன். மாப்பிள்ளையின் அம்மா சாளையைக் காடியில் எவ்வளவு நாள் வைக்கலாம் என்று கேட்டாள். மாப்பிள்ளை நெய்மீனை முடித்தான். கடைசியில் ஏலக்காய் ரொட்டியும் காபியும் வந்தது. மாமன் ரொட்டியைக் காபியில் நனைத்தார்.

பிறகு பில் வந்தது.

பரிமாறுகிற பெண் அதை ஒரு சின்ன மரத் தட்டில் வைத்து மாமன் பக்கத்தில் வைத்தாள். பெண் பார்க்க வந்தவர்களிடம் காசு வாங்குவதா? ஊரில் நாளைக்கு என்ன சொல்வார்கள்? என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன்.

மாமன் பில்லைப் படித்தார். கையைச் சட்டைப் பைக்குள் விட்டார். விட்ட கை அங்கேயே நின்றது. எங்கள் பக்கத்து ஆட்களுக்கு இது தெரியும். பைக்குள் போன கையை எதிரே இருப்பவர் எட்டிப் பிடிக்க வேண்டும். ஐயையோ, என்ன இது, எடுக்காதீங்க என்று சொல்ல வேண்டும். கொஞ்சம் தள்ளுமுள்ளு நடக்க வேண்டும். பிறகுதான் கை பையிலிருந்து வெறுமனே வெளியே வரும். மாமன் அதற்காகத்தான் காத்திருந்தார். என் வீட்டுக்காரரின் கை மேசையிலிருந்து கொஞ்சம் எழும்பியது. நான் அதைப் பிடித்து மறுபடியும் மேசையில் வைத்தேன். அவர் எடுக்கப் பார்த்தார். நான் விடவில்லை.

யாரும் மாமனின் கையைப் பிடிக்கவில்லை. மகள் ஜன்னல் அருகில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். மாமன் காசை எடுத்து மரத் தட்டில் வைத்தார். பரிமாறுகிற பெண் எடுத்துக்கொண்டு போனாள். மீதியைக் கொண்டுவந்து வைத்தாள். மாமன் மீதியையும் எடுத்துப் பையில் போட்டுக்கொண்டார். வியாபாரி இல்லையா, மீதியை விடுவாரா?

வாசலில் செருப்பு மாட்டும்போது உள்ளே திரும்பிப் பார்த்து, "சாப்பாட்டுல குத்தம் சொல்ல முடியாது" என்றார். திருநெல்வேலிக்காரன் வாயிலிருந்து இதைவிடப் பெரிய பாராட்டு வராது. அவர் தங்கை என் கையைப் பிடித்து அழுத்திவிட்டுப் போனாள். மாப்பிள்ளை போய் வருகிறேன் என்று பொதுவாகச் சொன்னான். யாரிடம் சொன்னான் என்று தெரியவில்லை.

அவர்கள் போனதும் மகள் அந்த மேசையைத் தானே துடைத்தாள். பரிமாறுகிற பெண் வந்து துணியைக் கேட்டாள், கொடுக்கவில்லை. மாமன் எச்சித் தட்டு என்று சொன்ன தட்டுகளை எல்லாம் ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கி எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். முகத்தைக் கழுவியிருக்க வேண்டும், திரும்பி வந்தபோது நெற்றி முடி ஈரமாக இருந்தது. அழுதாயா என்று நான் கேட்கவில்லை. அடுத்த மேசைக்கு ஆள் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். வேலையைப் பார்க்கப் போய்விட்டாள்.

செய்தி எங்களுக்கு முன்னால் அம்பாசமுத்திரம் வந்து சேர்ந்தது. திங்கட்கிழமை காலையில் மிளகாய் அரைக்க வந்தவள், பெண் பார்க்க வந்தவர்களிடம் காசு வாங்கினீர்களாமே என்று இழுத்தாள். மில்லை நிறுத்திவிட்டு அவளுக்குப் பதில் சொன்னேன். எல்லாருக்கும் கேட்கட்டும் என்றுதான் நிறுத்தினேன்.

"ஆமா, வாங்குனா. மீதியும் சரியாக் குடுத்தா."

அவள் மிளகாய்ப் பொடியை வாங்கிக்கொண்டு போனாள். அந்த வாரம் மட்டும் எங்கள் தெருவிலிருந்து பாளையங்கோட்டைக்கு இரண்டு குடும்பம் சாப்பிடப் போனது. வம்பு கேட்கப் போனார்கள் என்று எனக்குத் தெரியும். காசு கொடுத்துத்தான் கேட்டார்கள். மாமனும் பிறகு ஒரு நாள் கடைக்காரர்கள் சிலரைக் கூட்டிக்கொண்டு போய்க் கறி உருண்டை தின்றதாக மகள் சொன்னாள். மரியாதையாக வந்தார், மரியாதையாகப் போனார் என்றாள்.

வருத்தம் இல்லையா என்று கேட்கிறார்கள். இருக்கிறது. ஏன் இல்லாமல் போகும்? அந்த அம்மா எனக்குச் சம்பந்தியாக வந்திருக்கலாம். என் மகள் சாயங்காலம் கடையை அடைத்துவிட்டு வீட்டுக்குப் போனால் சாப்பிட்டாயா என்று கேட்க ஒருத்தன் இருந்திருக்கலாம். ஆனால் அதற்கு விலையாக அந்த ஜன்னலை மூட வேண்டும் என்றால் அவன் வேண்டாம். இது அவள் சொல்லி நான் ஒப்புக்கொண்டது அல்ல. அவள் சொல்வதற்கு முன்பே நான் கத்திக்கொண்டுதான் இருந்தேன். அவள் கத்தாமல் சொன்னாள், அவ்வளவுதான் வித்தியாசம்.

இப்போது வரன் என்று யார் போன் செய்தாலும் நான் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடை இருக்கும், கல்யாணத்துக்கு அப்புறமும் இருக்கும், அதற்குச் சம்மதம் என்றால் மேலே பேசுங்கள். பாதிப் பேர் அங்கேயே போனை வைத்துவிடுகிறார்கள். வைக்கட்டும், எனக்கு நேரம் மிச்சம்.

போன வாரம் தென்காசிப் பக்கத்திலிருந்து ஒரு அம்மா பேசினாள். கடை விஷயத்தைச் சொன்னேன். வைக்கவில்லை. சரி, அது உங்கள் மகள் இஷ்டம் என்றாள். என்னைக்கு வரலாம் என்று கேட்டாள். ஞாயிறு மதியம் வாருங்கள், சாப்பிடாமல் வாருங்கள் என்றேன். அங்கே என்ன சாப்பாடு என்று கேட்டாள். மீன் சில்லென்று இருக்கும், கறி சூடாக இருக்கும், ரொட்டி கறுப்பாக இருக்கும் என்றேன். கொஞ்சம் யோசித்தாள்.

"காரம் இருக்குமா?"

"இருக்காது" என்றேன். இருக்கும் என்று பொய் சொல்லி யாரையும் என் மகள் கடைக்கு வரவழைக்க வேண்டிய அவசியம் எனக்கு இல்லை.

சரி, வருகிறோம் என்றாள்.